தெப்பக்குளத்தை ஒரு சுற்று



போன இதழில் கோடைக்கு வடகம் போடுவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. கைக்குழந்தைக்காரி. வடகத்தைப் பற்றி இரண்டே வரி. மீதிப் பக்கம் முழுக்க வேறு சமாசாரம். குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகிறதாம். எதிலும் மனசு ஒட்டவில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, ராத்திரி குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறார். இது மனச்சோர்வு என்று சொன்ன டாக்டர், மருந்தோடு கூட தினமும் நடக்கச் சொல்லி, நன்றாகச் சாப்பிடச் சொல்லி, கொஞ்ச நேரம் வெளியே காற்றாட இருக்கவும் சொன்னாராம். "காலையில் அஞ்சு மணிக்கு எழுந்தால் ராத்திரி பத்து மணி வரை வீட்டுக்குள் ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன். எனக்கு எதுக்கு அக்கா நடை?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

மூன்று வருஷம் ஆகிறது. என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தனார் மனைவிக்கு, தலைப்பிரசவம். அவளுக்குத் தாயார் இல்லை. தகப்பனார் வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண் துணை கிடையாது என்பதால் பிரசவத்தை நாங்களே பார்த்தோம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குக் கிடைக்கிற அந்த நாலைந்து மாச ஓய்வு அவளுக்கு வாய்க்கவில்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம். என் மாமியார் பேத்தியைக் கையில் வாங்கியதும், "மகாலச்சுமி வந்திருக்கா. அடுத்தது பேரனாப் பாத்துக் குடுத்துரு தாயி" என்றார்கள். வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை அழுகையாக வருவது ரொம்பப் பேருக்கு உண்டு. எனக்கும் மூத்தவன் பிறந்தபோது வந்தது. பத்துப் பதினைந்து நாளில் தானாக வடிந்துவிடும். எங்கள் சின்னவளுக்கு வடியவில்லை. மூன்றாம் மாசம் ஆயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பிள்ளை அழுதால் எழுந்து பால் கொடுப்பாள். கொடுத்து முடிந்ததும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். தலை சீவுவதில்லை. கூப்பிட்டால்தான் சாப்பிட வருவாள், வந்தாலும் நாலு வாய்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உடம்பு வணங்கவில்லை என்று நினைத்தேன். துணி துவைப்பதிலிருந்து சமையல்வரை என் தலையில்தானே விழுந்தது! ஒருநாள் மாவு அரைத்துக்கொண்டே, அவள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "நாங்களுந்தான் பிள்ளை பெத்தோம். மூணாம் மாசமே அடுப்படியில நின்னோம். இப்படிப் படுத்துக் கெடக்கல." கிரைண்டர் சத்தத்திலும் அது அவளுக்குக் கேட்டது. பதில் ஒன்றும் வரவில்லை.

அதற்கு நாலு நாள் கழித்து, ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனவள் அடுப்படியில் இருட்டுக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறிப் போனேன். சின்னவள்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அக்கா, படுத்தா அப்படியே எந்திரிக்காமப் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதுக்கா. பிள்ளைய நீங்க பாத்துக்குவீகல்ல?" என்றாள்.

என் வயிற்றைப் பிசைந்த பிசைவை எப்படி எழுதுவது? விடிகிற வரை அவள் கையை விடவில்லை. மறுநாள் காலை கொழுந்தனாரைக் கடைக்குப் போகவிடாமல் நிறுத்தி, பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அன்றைக்கே மனநல டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டர் கேட்டதில் ஒரு கேள்வி எனக்கு மறக்காது. "வீட்டை விட்டு வெளியே போய் எத்தனை நாளாச்சும்மா?" சின்னவள் யோசித்தாள். பிள்ளைக்கு மூன்று தடவை தடுப்பூசி போட ஆட்டோவில் போய் வந்ததைத் தவிர, மூன்றரை மாசத்தில் அவள் வாசற்படி தாண்டவில்லை! வாசலில் கோலம் போடுவதைக்கூட நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

ரத்தம் சோதித்தார்கள். இப்படிச் சோர்ந்து கிடப்பதற்குத் தைராய்டு குறைவும் காரணமாக இருக்கலாம் என்பதால் அதையும் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் மட்டும் எட்டுப் புள்ளி சொச்சம். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை (பால் கொடுக்கிற தாய்க்கும் கொடுக்கக்கூடியதாகப் பார்த்து எழுதினார்), இரும்புச் சத்து மாத்திரை, அப்புறம் நடை. நடையைப் பற்றி அவர் சின்னவளிடம் பேசவில்லை. என்னையும் கொழுந்தனாரையும் பார்த்துத்தான் பேசினார். "இவங்களா எந்திரிச்சுப் போகமாட்டாங்க. போகமுடியாதுங்கறதுதான் இந்த நோயே. கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அந்த நேரம் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த ரெண்டு ஆள் யாருன்னு எங்கிட்ட சொல்லிட்டு எந்திரிங்க."

நான்தான் முதல் ஆள் என்று உடனே சொல்லிவிட்டேன். மாவு அரைத்த அன்றைக்குச் சொன்ன சொல் உள்ளே குத்திக்கொண்டிருந்ததே.

இனி, 'எனக்கு எதுக்கு நடை' என்ற கேள்விக்கு வருகிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் எதிர்வீட்டு டீச்சரம்மாவின் மகள் நர்சிங் படிக்கிறாள். டாக்டர் சொன்னதை அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் விவரம் தெரிந்துகொண்டேன். பெருக்குவது, துவைப்பது, குனிந்து நிமிர்வது எல்லாம் உடம்புக்கு வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டு வேலையையும், பொழுதுபோக்காக மனசு விரும்பிச் செய்கிற நடை, விளையாட்டு முதலானவற்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்த ஆய்வுகளில், மனசுக்குத் தெம்பு தெரிவது இரண்டாவதில்தானாம். வீட்டு வேலையில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. பாத்திரம் கழுவும்போது நம் மனசு எங்கே இருக்கிறது? அடுத்து ஊறப்போட வேண்டிய உளுந்தில் இருக்கிறது. பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியில் இருக்கிறது. நடக்கும்போது யாரும் நம்மை எதற்கும் கூப்பிட முடியாது. அந்த அரை மணி நேரம் நமக்கே நமக்கு.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன மனச்சோர்வுக்காரர்கள் 156 பேர். ஒரு பகுதியினருக்கு மாத்திரை, ஒரு பகுதியினருக்கு வாரம் மூன்று நாள் அரை மணி வேகநடை அல்லது மெல்லோட்டம், மீதிப் பேருக்கு இரண்டும். பதினாறு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பகுதியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். மாத்திரை மட்டும் ஆரம்பத்தில் சீக்கிரம் பலன் காட்டியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அவர்கள் யாரும் தனியே நடக்கவில்லை. எல்லாரும் ஓரிடத்தில் கூடி, சொல்லிக்கொடுக்க ஒருவர் நிற்க, சேர்ந்து செய்தார்கள். 'ஏன் நேத்து வரலே?' என்று கேட்க ஆள் இருந்தது!

2024-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், இப்படிப்பட்ட 218 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். மொத்தம் பதினாலாயிரம் பேருக்கு மேல். நடை அல்லது ஓட்டம், யோகா, பளு தூக்கும் பயிற்சி இவையெல்லாம் நல்ல பலன் தந்தனவாம். அந்த ஆய்வுகளில் பல சின்ன ஆய்வுகள், குறையுள்ளவை என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு நடக்கக் கிளம்பிவிடாதீர்கள். டாக்டர் கொடுத்தால் அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

இன்னொன்று நம் நாட்டிலேயே, கோவாவில் நடந்தது. விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் மற்றவர்களும் சேர்ந்து, டாக்டர் படிப்பெல்லாம் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறேழு தடவை உட்கார்ந்து பேச வைத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் குணமானவர்கள் நிறையப் பேர். என்ன பேசினார்கள்? 'மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம்' என்று இருக்காதே. முன்னே பிடித்த சின்னக் காரியம் ஏதாவது ஒன்றை முதலில் செய், மனசு பின்னால் வரும் என்பதுதான் சாரம். நாமெல்லாம் தலைகீழாக அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

சரி, டாக்டர் சொன்ன இரண்டாவது ஆளுக்கு வருவோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பது என் மாமியார்தான். அவர்களோ, "பச்சை உடம்புக்காரியக் காலங்காத்தால பனியில கூட்டிட்டுப் போறதாவது! சன்னி வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று ஒரே பிடி. நான் வாதாடவில்லை. அவர்கள் காலத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினேன். அதில் மாத்திரைக்கு மேலே, முதல் வரியாக, 'நடை — காலை 30 நிமிடம்' என்று தமிழிலேயே எழுதச் சொல்லி வாங்கி வைத்திருந்தேன். "மருந்துச் சீட்டுலயே போட்டிருக்காக அத்தை" என்றதும் அடங்கினார்கள். ஆனாலும் சின்னவள் காதில் பஞ்சை அடைத்து, தலையைச் சுற்றி மப்ளரைக் கட்டித்தான் அனுப்பினார்கள். சித்திரை மாசத்தில் மப்ளர்! பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்தால் என்ன, வாசற்படி தாண்டியாயிற்று.

எங்கள் வீட்டிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பத்து நிமிஷ நடை. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம். மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமாயிற்று என்பார்கள். ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி. ஒரு சுற்றுச் சுற்றினால் ஒண்ணேகால் கிலோமீட்டர் போல வரும். தைப்பூசத்துக்குத் தெப்பம் ஓடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் வறண்டு கிடந்து பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். அப்புறம்தான் வைகைத் தண்ணீர் விட்டு நிறைக்க ஆரம்பித்தார்கள். விடிகாலையில் நடுமண்டபத்து நிழல் தண்ணீரில் ஆடும். அதைப் பார்த்துக்கொண்டு நடக்கக் காசு பணம் வேண்டாம்.

முதல் நாள் குளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சின்னவள், "முடியலக்கா" என்று கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். அரை மணி அப்படியே இருந்துவிட்டு வந்தோம். அன்றைக்கு நடை அவ்வளவுதான். மறுநாளும் அதேதான். அழுதுகொண்டே வந்த நாள் உண்டு. ஒரு வார்த்தை பேசாமல் வந்து ஒரு வார்த்தை பேசாமல் திரும்பின நாள் உண்டு. நானும் ஆறுதல் சொல்லிக் கொல்லவில்லை. எதிரே வருகிறவர்களைப் பார்த்து ஏதாவது சொல்வேன். வாக்கிங் என்று கிளம்புகிற ஆண்களில் பாதிப் பேர் டீக்கடை பெஞ்சோடு நின்றுவிடுவதைக் காட்டுவேன். ஒரு சுற்று முழுசாகச் சுற்ற மூன்று வாரம் ஆனது.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஒருநாள் திரும்பி வரும்போது திடீரென்று நின்றாள். "அக்கா, பருத்திப்பால் வாசனை வருது. குடிப்பமா?" என்றாள். தள்ளுவண்டிக்காரர் அப்போதுதான் அண்டாவைத் திறந்திருந்தார். நாலைந்து மாசத்தில் அவள் வாயைத் திறந்து இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சுக்கும் ஏலக்காயும் மணக்க, சுடச்சுட ஆளுக்கு ஒரு டம்ளர். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, குடிக்கக்கூடாது. குடித்தேன்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டுக்குள் டியூப்லைட் போட்டாலும் வெளிச்சத்தின் அளவு சில நூறு லக்ஸ்தான். வெளியே மரநிழலில்கூட அது பல ஆயிரம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் 'பொழுது விடிந்தது' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. ராத்திரி தூக்கமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. சின்னவளுக்கு முதலில் சரியானது தூக்கம்தான். ஆனால் காலை இளவெயிலில் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்கு வெயில் ஏறின பிறகு, பத்து மணிக்கு மேல், கொஞ்ச நேரம் தோலில் பட வேண்டும். துணி காயப்போடுகிற நேரம் அது! அதற்காக, வைட்டமின் டி மாத்திரை போட்டால் மனச்சோர்வு வராது என்றும் இல்லை. அமெரிக்காவில் பதினெட்டாயிரம் பேருக்கு மேல் ஐந்து வருஷம் கொடுத்துப் பார்த்து, அப்படி ஒன்றும் தடுக்கவில்லை என்று 2020-ல் சொல்லிவிட்டார்கள். உடம்பில் குறைவு இருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டிலும் குற்றம் இருந்தது. பத்தியம் என்ற பெயரில் அவளுக்கு மூன்று மாசமாக வெள்ளைச் சோறு, பூண்டுக் குழம்பு, அப்பளம். பூண்டு நல்லதுதான், ஆனால் கீரை குளிர்ச்சி, பழம் சளி, மீன் பிள்ளைக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் படி ஏறினால் மூச்சு வாங்கும், எதிலும் நாட்டம் இருக்காது, எரிச்சல் வரும். அது பாதி மனச்சோர்வு மாதிரியே இருக்கும்; மனச்சோர்வோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நாமெல்லாம் கடைசியில் சட்டியில் ஒட்டினதைச் சாப்பிடுகிறவர்கள்தானே!

சாப்பாட்டை மாற்றியே மனச்சோர்வு குறையுமா என்று ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற பெண்மணியின் குழு சோதித்து 2017-ல் எழுதியது. 67 பேர்தான், சின்ன ஆய்வு. காய், கீரை, பருப்பு, முழுத்தானியம், மீன், கொட்டைப் பருப்புகள் என்று பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 32 பேர் தேறினார்கள். ஆறுதலாகப் பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 பேர். அவர்கள் ஆலிவ் எண்ணெய் ஊற்றினார்கள். நமக்கு எதற்கு அது? வாரத்துக்கு ஒரு தரம் மத்திமீன் குழம்பு. அதைவிட மலிவாக நல்ல மீன் எது இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி வாங்கி மிளகு போட்டு வறுத்தால் அதில் இரும்புச் சத்து ஏராளம். சைவமாக இருந்தால் முருங்கைக்கீரை, தட்டாம்பயறு, எள்ளுருண்டை, கூடவே அரை மூடி எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ. புளிப்பு சேர்ந்தால்தான் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு ஒட்டாமல் போய்விடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். சைவக்காரர்கள் பால், தயிரை விடக்கூடாது. வைட்டமின் பி12 கீரை காயில் கிடையாது.

இதையெல்லாம் கேட்டால் பெரியவர்கள், "அந்தக் காலத்துல வயக்காட்டுல வேலை பாத்தோம், கம்பங்கூழ் குடிச்சோம், எங்களுக்கு இதெல்லாம் வந்துச்சா?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் பிறந்தது சோழவந்தான் பக்கம். என் ஆத்தா நடவு நட்டவள். வெயிலும் காற்றும் கீரையும் அவளுக்குக் குறைவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் தெருவிலேயே பிள்ளை பெற்ற பிறகு 'பேய் பிடித்தவள்' என்று ஒருத்தி இருந்தாள். கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்திருப்பாள். கோடாங்கி அடித்துப் பார்த்தார்கள், சரியாகவில்லை. ஒருநாள் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வரவில்லை. பிள்ளை இங்கேயே வளர்ந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். கிராமத்துப் பெண்கள். அவர்களிலும் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக நூற்றுக்குப் பதினோரு பேருக்கு மனச்சோர்வு வந்தது. யார் யாருக்கு? வருமானம் குறைந்தவர்கள், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவர்கள், கர்ப்ப காலத்தில் கஷ்டம் பட்டவர்கள், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்கள். இதை டீச்சரம்மா மகள் வாசித்துக் காட்டியபோது எனக்கு மாமியாரின் அந்தச் சிரிப்பும் என்னுடைய கிரைண்டர் பேச்சும்தான் ஞாபகம் வந்தன. வயக்காட்டுக் காற்று இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. ஐப்பசி மழையில் பத்துப் பதினைந்து நாள் நடை நின்றது. 'தேறிட்டோமே' என்று சின்னவள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறாள். பழையபடி சுவர்ப் பக்கம். ஓடினோம் டாக்டரிடம். தேறின பிறகும் ஆறு மாசமாவது மாத்திரை எடுக்க வேண்டும், நிறுத்துவதானாலும் தாங்கள் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மழை பெய்கிற நாளில் எங்கே நடப்பது? மழை விட்ட நேரம் பார்த்து மொட்டைமாடியில் நடந்தோம். கொழுந்தனார் அன்றிலிருந்து காலையில் அரை மணி பிள்ளையை வைத்துக்கொள்ளப் பழகினார். முதலில் பிள்ளையைத் தவலை தூக்குகிற மாதிரி தூக்கினார். அப்புறம் கை பழகிவிட்டது.

திருமங்கலத்துச் சகோதரிக்கு: உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் அதை உங்களிடம் மட்டும் சொன்னதுதான் குறை. இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அறுவைப் பிரசவமாக இருந்தால் எப்போது எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். செத்துப்போகலாம் என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ ஒரு நினைப்பு வந்தால், நடையெல்லாம் அப்புறம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தனியாக இருக்காதீர்கள். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. ராத்திரி பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

எங்கள் வீட்டுப் பேத்திக்கு இப்போது மூன்று வயது. அப்பத்தா இல்லாமல் அவளுக்கு விடியாது. சின்னவள் மாத்திரையை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, டாக்டர் சொல்லித்தான். எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, சோம்பலும் கூட. காலையில் புரண்டு படுத்தால் கதவைத் தட்டுகிறாள்: "அக்கா, மணி ஆறாச்சு, எந்திரிங்க."

உங்கள் வீட்டில் அந்த இரண்டு ஆள் யார் என்று எனக்கு எழுதுங்கள். சுவரொட்டி வறுவல் பக்குவம் அடுத்த இதழில்.